ஆனி மாதத்துப் பேர்மூட்டை

அன்று அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கிழக்கே பார்த்த நாற்காலியில் எங்கள் முதலாளி துளசிராம்; அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காருவதில்லை. அவருக்கு எதிரே, எழுமலை பால் சென்டரின் பொறுப்பாளர் மலையாண்டி, மடியில் ஒரு துணிப்பையோடு. சுவரில் மாட்டியிருந்த பெரிய திரைக்குப் பக்கத்தில், உட்காராமல் சாய்ந்து நின்றபடி கோகுல்நாத். துளசிராமின் அக்கா மகன். நாங்கள் எழுதும் மென்பொருளைக் கட்டி வெளியே அனுப்புவது அவன் பொறுப்பு. கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் முனீஸ்வரி, அந்த மென்பொருளை எழுதுகிறவர்களில் ஒருத்தி. ஜன்னலோரம் நான், அழகுபாண்டி. நிறுவனத்தின் கடிதங்களை எழுதுவது என் வேலை.

மதுரை கே.கே. நகரில் ஒரு வீட்டின் மாடிதான் எங்கள் அலுவலகம். ஆடிக்காற்று வெளியே வேப்பமரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. இலைகளின் வழியாக வந்த வெயில் சுவரில் அலையலையாக ஆடியதால், அறை முழுவதும் தண்ணீருக்கடியில் இருப்பதைப் போலவும், நாங்கள் ஐவரும் தரையில் படிந்த கூழாங்கற்களைப் போலவும் எனக்குப் பட்டது. மலையாண்டியின் குரல் மட்டும் மேலே மிதந்தது.

"கரெண்டு போயிட்டு வந்துச்சு. வந்ததும் கூலர் ஓடணும்ல? ஓடலை. காலையில மூடியத் தொறந்தா தொட்டிப் பால் அம்புட்டும் திரிஞ்சு கெடக்கு. அதுக்கு முந்துன வாரமும் இதே கதைதான். மாடு கறந்து குடுத்துருச்சு, ஊத்துறவுக ஊத்திட்டாக. கெடுத்தது உங்க பொட்டி. யாரால, என்னத்தாலன்னு எனக்கு எழுத்துல வேணும். கையெழுத்துப் போட்ட காயிதமா எங்க கம்பெனிக்குத் தபால்ல போகணும். மெயிலு கியிலு வேணாம், அதை அங்க ஒருத்தரும் படிக்கிறதில்லை."

பால் குளிரூட்டும் தொட்டியோடு ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி வரும். தொட்டியை எப்போது குளிர்விக்க வேண்டும், எப்போது கலக்க வேண்டும் என்று அந்தப் பெட்டிதான் முடிவு செய்யும். அதற்குள் இருக்கிற மென்பொருள் எங்களுடையது. அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் உண்டு. துளசிராம் ஆரம்பத்தில் வைத்த பழக்கம், பெயர்களெல்லாம் தமிழில்தான் இருக்கும்: கலக்கி, அளவி, குளிர்பார், எழுத்துக்காட்டி.

கோகுல்நாத் ஏதோ தட்டினான். எழுமலைப் பெட்டி விழுவதற்கு, அதாவது வேலை செய்யாமல் நின்றுபோவதற்கு, முன் அதன் மென்பொருள் எங்கெங்கே போய்வந்தது என்ற வரிசை திரையில் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அது விழுந்த இடம்: கலக்கி. பக்கத்தில் சின்ன எழுத்தில், எழுதியவர் முனீஸ்வரி.

மலையாண்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார்.

"நீ நம்ம சின்னச்சாமி மகள்ல?"

"ஆமா மாமா."

"உங்கப்பன் ஊத்துன பாலும் அதுலதான் கெடந்துச்சு தாயி."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. துணிப்பையிலிருந்து போனை எடுத்து, திரையை ஒரு படம் பிடித்துக்கொண்டார். அவர் மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் அந்தப் படம் பால் ஊற்றுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது.

முனீஸ்வரி எழுந்து போன பிறகு துளசிராம் என்னிடம் சொன்னார். "வெள்ளிக்கிழமைக்குள்ள லெட்டர் போயிரணும். காரணத்தை எழுதுங்க. பேரைப் போடுங்க. அந்தப் பொண்ணை வேலையிலேருந்து எடுத்தாச்சுன்னு கடைசியில ஒரு வரி. அது இல்லாட்டி அவங்க அடங்க மாட்டாங்க."

"எடுத்தாச்சா சார்?"

"லெட்டர் போறப்ப எடுத்திருப்போம்," என்றார். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது அவர் ஜன்னலைப் பார்த்துப் பேசியதில் தெரிந்தது.

பெட்டிக்குள் போகிற மென்பொருளுக்குப் பெயர்கள் தேவையில்லை. பெயர்கள் மனிதர்களுக்காக. எழுதும்போது நாங்கள் வைக்கிற பெயர்களையெல்லாம், பெட்டியில் ஓடும் வடிவமாகக் கட்டி முடித்ததும் உரித்தெடுத்துத் தனியாக ஒரு பொதியில் வைத்துக்கொள்வோம். டீபக் சிம்பல் என்று தொழிலில் சொல்வார்கள். எங்கள் அலுவலகத்தில் அது பேர்மூட்டை. பெட்டியில் இடம் குறைவு. அதோடு, பெயர்களோடு அனுப்பினால் இன்னொருவர் திறந்து எங்கள் வேலையைச் சுலபமாகப் படித்துவிடுவார். ஆகவே பெயர் உரித்த மென்பொருள், எங்கள் பேச்சில் உடம்பு, ஊருக்குப் போகும், பேர்மூட்டை எங்கள் சர்வரில் தங்கும். எங்கேயோ ஒரு பெட்டி விழுந்தால் அதற்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் கதவு எண்கள்தான். இந்த எண்ணில் விழுந்தேன், அதற்கு முன் அந்த எண்ணிலிருந்து வந்தேன். நாங்கள் பேர்மூட்டையை அவிழ்த்து, எந்த எண்ணில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே முனீஸ்வரி என் மேஜைக்கு வந்தாள்.

"எழுதியாச்சாண்ணே?"

"தேதியும் பெறுநர் முகவரியும் போட்டிருக்கேன்."

"முகவரிக்கு ரொம்ப நேரம் எடுத்திருக்கீங்க." பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்பா சென்டருக்குப் போகலையாம். பாலைக் கொண்டுபோய் டீக்கடையில ஊத்திட்டு வந்துட்டாராம். 'சின்னச்சாமி மக மதுரையில உக்காந்து நம்ம பாலைக் கெடுத்துட்டா'ன்னு பேசுறாங்களாம். அம்மா போன்ல அழுகுது. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப அதே சென்டர்லதான் எல்லாருக்கும் முட்டாய் குடுத்தாரு."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க. தப்பு எனதுன்னா என் பேரைப் போடுங்க, நான் தடுக்கலை. ஆனா அந்தத் திரையில வந்தது நடக்கவே முடியாத வரிசைண்ணே. எழுத்துக்காட்டி கலக்கியைக் கூப்பிட்ட மாதிரி காட்டுது. எழுத்துக்காட்டி வேலை என்ன? பெட்டியோட முன்பக்கத்துல எத்தனை டிகிரின்னு எழுத்துல காட்டுறது. அது எதுக்குக் கலக்குற மோட்டாரைப் போய்க் கூப்பிடணும்? பல் டாக்டரு வந்து பம்புசெட்டை நிறுத்துனாருங்கிற மாதிரி இருக்கு."

"கோகுல்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். மெஷின் பொய் சொல்லாது முனீஸ்ங்கிறாரு. மெஷின் பொய் சொல்லலை, அது நம்பரைத்தான் சொல்லுச்சு. பேரு போட்டது நாம."

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். மென்பொருளை ஒவ்வொரு முறை கட்டும்போதும், உடம்புக்கும் அதிலிருந்து உரித்த பேர்மூட்டைக்கும் ஒரே அடையாள எண் விழும். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே இடத்தில் மச்சம் இருப்பதைப் போல. எண் ஒன்றாக இருந்தால்தான் அந்தப் பெயர்கள் அந்த உடம்புக்குப் பொருந்தும். பெட்டி விழும்போது அனுப்புகிற செய்தியில் அந்த எண் வராது. பெட்டியிடமே போய்க் கேட்க வேண்டும்.

கெட்டுப்போன பாலைப் பற்றி மலையாண்டி எழுதிக் கையெழுத்திட்ட குறிப்பு ஒன்று கடிதத்தோடு இணைக்கத் தேவைப்பட்டது. அதை வாங்க எழுமலைக்குப் போகிறேன் என்று துளசிராமிடம் சொன்னேன். முனீஸ்வரியும் வருகிறாள் என்றேன்.

"அது எதுக்கு?"

"பெட்டியோட அடையாள எண்ணைப் போடாம லெட்டர் போனா திருப்பிக் கேப்பாங்க சார். அதைப் பார்க்கத் தெரிஞ்சவங்க வேணும்."

அவர் தலையை ஆட்டினார்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். செக்கானூரணி தாண்டியதும் என் கண் சொருகியது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. காற்று வெளியே புழுதியைத் தூக்கி, உழுது போட்டிருந்த நிலங்களின் மேல் மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தது. அந்தப் புழுதிக்குள் ஒரு தெரு. வெயிலில் வெளுத்த நீளத் தெரு. எந்த வீட்டிலும் பெயர்ப்பலகை இல்லை. ஆணி இருந்த துளைகள் மட்டும் இருந்தன. என் தோளில் ஒரு மூட்டை. அதற்குள் பெயர்கள், காய்ந்த வேப்பம்பூவைப் போல எடையே இல்லாமல். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு பெயரை எடுத்து வைக்கிறேன். பொருந்துவது போலத்தான் இருக்கிறது. கதவைத் தட்டினால் வேறு யாரோ வந்து, கோபமே இல்லாமல், நான் அவரில்லை என்கிறார்கள். அடுத்த வீட்டிலும் அப்படியே. தெருவின் முன்பக்கம் எங்கேயோ ஒரு வீடு புதிதாக முளைத்து நிற்கிறது என்று எனக்குத் தெரிகிறது. அதனால்தான் எல்லாப் பெயரும் ஒரு வாசல் தள்ளி விழுகின்றன. அந்த வீட்டைப் பார்க்கத் தெருவின் ஆரம்பத்தை நோக்கி நடக்கிறேன். நான் நடக்க நடக்க ஆரம்பம் பின்வாங்கிப் போகிறது. ஒரு வாசலில் பால் கேனோடு ஒருவர் முதுகு காட்டி நிற்கிறார், திரும்பவே இல்லை.

"அண்ணே, உசிலம்பட்டி வந்துருச்சு. டீ குடிக்கிறீங்களா?"

முனீஸ்வரி ஜன்னலுக்கு வெளியே காசை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் படித்த பள்ளிக்கூடம் அதே ஊரில்தான். அதன் மதிலும் புழுதியில் கரைந்து, பாதிதான் தெரிந்தது.

எழுமலையில் இறங்கியபோது சாயங்காலப் பால் வரத் தொடங்கியிருந்தது. மேற்கே மலைகள் தரையைத் தொடாமல் நீல நிறத்தில் மிதந்தன. சென்டருக்குள் பால் வாசமும் ஈரச் சிமெண்டு வாசமும். எவர்சில்வர் தொட்டி ஒரு பெரிய பிராணி படுத்துத் தூங்குவதைப் போல மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் ஜன்னலும் கேன்களும் எங்கள் முகங்களும் வளைந்து தெரிந்தன.

கேனைக் கவிழ்த்துக்கொண்டிருந்த ஒச்சாயி முனீஸ்வரியைப் பார்த்தாள். அவர்கள் தெருக்காரி.

"வாத்தா. மறுபடியும் கலக்க வந்தியா?"

"இல்ல அத்தை. தெளிய வைக்க வந்தேன்."

"தெளிஞ்சாச் சரி. உங்கப்பன் இந்தப் பக்கம் மூஞ்சியே காட்ட மாட்டேங்கிறான். நான்தான் கேட்டேன், ஏன்டா, நீயா மிசினுக்குள்ள போய்ப் படுத்துக் கெடந்தன்னு. அதுக்கும் பேசாமப் போறான்."

முனீஸ்வரி தோளிலிருந்த பையை இறக்கினாள். தொட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெட்டியின் மூடியைத் திருகிக் கழற்றி, வயரைச் சொருகினாள். அவளுடைய லேப்டாப்பில் எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு நீண்ட வரி வந்தது. நான் கோகுல்நாத்துக்குப் போன் செய்து, சர்வரில் இருக்கும் பேர்மூட்டையின் அடையாள எண்ணைக் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டேன். அவள் படிக்கப் படிக்க நான் சரிபார்த்தேன்.

முதல் எழுத்தே வேறு. இரண்டாவது வேறு. அதற்கு மேல் படிக்கத் தேவையில்லை. ஆனாலும் அவள் நிறுத்தாமல், சன்னதியில் போற்றி சொல்வதைப் போல ஒரே தாளத்தில் கடைசி வரைக்கும் படித்தாள். நான் ஒவ்வொரு எழுத்தின் மேலும் ஒரு கோடு போட்டேன்.

"சேரலை," என்றேன்.

அவள் பின்னால் சாய்ந்து தொட்டியில் தலையை வைத்துக்கொண்டாள். "இது நம்ம சர்வர்ல கட்டுன உடம்பே இல்லைண்ணே."

"அப்ப இதை யார் கட்டினது?"

"அதான் தெரியலை. கட்டுன எடத்துலதான் இதோட பேரு இருக்கும். அது அழிஞ்சு போயிருந்துச்சுன்னா கடைசி வரைக்கும் கலக்கிதான், நான்தான்."

பில் போட்டுக்கொண்டிருந்த மலையாண்டி எட்டிப் பார்த்தார். "என்ன, பொட்டி மாறிப் போச்சா?"

"பொட்டி இதான் மாமா. அன்னிக்குப் பார்த்த பேருங்கதான் வேறொண்ணோட பேரு."

"எனக்கு அதெல்லாம் வெளங்காது தாயி. படத்தைப் போட்டது நான்தான், இல்லேங்கலை. ஆனா அதை மாத்திச் சொல்லணும்னா வெறும் வாயால முடியாது. காயிதம் வரட்டும். சத்தமாப் படிக்கிறேன்." அவர் குறிப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்தோம். அவள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். "ஒரு எட்டுப் பார்த்துட்டு வாரியா?" என்று கேட்டேன். "இப்ப வேணாம்ணே," என்று பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.

மறுநாள் காலை அந்தத் தாளைக் கோகுல்நாத்தின் முன்னால் வைத்தேன். அவன் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஏதோ விழுந்துவிட்டதைப் போலத் தடவிக்கொண்டான்.

"கதவு நம்பரும் பேரும் சேரலைன்னாலே ஒரு எச்சரிக்கை வருமே, வரலையா?" என்றாள் முனீஸ்வரி.

"வரும். அது எதுக்கெடுத்தாலும் கத்திக்கிட்டே இருக்கும் முனீஸ். அதான் வாயைக் கட்டி வச்சிருந்தேன்."

"கட்டுன வாயிதான் சரியாச் சொல்லிருக்கும்."

கோகுல்நாத் சிரிக்கவில்லை. ஆனி கடைசி, ஆனி கடைசி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு உள்ளே திரும்பி, "மாமா," என்று கூப்பிட்டான். துளசிராம் வந்து நின்றார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மென்பொருளானாலும், முதல் நாள் சாயங்காலம் கட்டி, சோதித்து, சரியென்று வைத்துவிடுவார்கள். மறுநாள் நல்ல நேரத்தில் துளசிராம் தன் விரலாலேயே ஒரு முறை பட்டனை அழுத்தி மீண்டும் கட்டுவார். அதுதான் ஊருக்குப் போகும். எப்போதும் அதே சர்வர் என்பதால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே வரும், அடையாள எண் உட்பட. ஆனால் எழுமலைக்கு அனுப்பிய நாளன்று கே.கே. நகர் முழுக்க மின்வாரியத்தின் மாதாந்திர மின்தடை. சர்வர் ஓடவில்லை. மறுநாள் ஆடி பிறக்கிறது. புதுக் காரியத்தை ஆடிக்குத் தள்ள அவருக்கு மனமில்லை. அடுத்த தெருவில் இருக்கிற தன் வீட்டில், சாமி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, பேட்டரியில் ஓடிய தன் பழைய லேப்டாப்பில் பட்டனை அழுத்தியிருக்கிறார். கோகுல்நாத் அதைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு நேரே எழுமலைக்குப் போய்விட்டான். சர்வரில் இருந்த பேர்மூட்டை, முதல் நாள் சாயங்காலம் கட்டியதிலிருந்து உரித்தது.

"எழுதுனது ஒண்ணுதானே, கட்டுனாலும் ஒண்ணாத்தான் இருக்கும்னு நெனச்சேன்," என்றான் கோகுல்நாத்.

"ஒரே மாவுதான். கல்லு வேறல்ல," என்றாள் முனீஸ்வரி.

துளசிராம் படி இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது, கைக்குழந்தையைத் தூக்கி வருவதைப் போல, துண்டில் சுற்றிய லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தார். மூடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து வெடித்திருந்தன. பட்டனை அழுத்தியதோடு சாமி அலமாரிக்குள் வைத்ததை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. முனீஸ்வரி திறந்தாள். சந்தனம் பொடிப்பொடியாக எழுத்துக் கட்டைகளின் மேல் உதிர்ந்தது. ஊதினால் மரியாதையில்லை என்று நினைத்தாளோ என்னவோ, அப்படியே அதன் மேல் விரலை வைத்துத் தேடினாள்.

பேர்மூட்டை அங்கேயே, பிறந்த இடத்திலேயே கிடந்தது. அடையாள எண்ணை அவள் படித்தாள். நான் என் தாளைப் பார்த்தேன். ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போனது. மழைக்கு முன் எறும்புகள் வரிசையில் வந்து சேர்வதைப் போல ஒரு எழுத்தும் தப்பாமல் சேர்ந்தது.

எழுமலைப் பெட்டி அனுப்பியிருந்த பழைய கதவு எண்களின் மேல் இந்தப் பெயர்களை அவள் இறக்கினாள். திரையில் வரிசை கலைந்து, ஒரு கணம் வெறும் வெள்ளையாக இருந்து, மீண்டும் எழுந்தது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது குளிர்பார். எழுதியவர் துளசிராம். கலக்கி அந்த வரிசையில் எங்குமே இல்லை.

வேப்பமரத்தின் நிழல் திரையின் மேலும் துளசிராமின் சட்டை மேலும் ஒரே மாதிரி ஆடியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது நான் ஒத்தையாளா இருந்தப்ப எழுதுனது," என்றார். பிறகு கோகுல்நாத்திடம் தங்கள் வீட்டு மொழியில் ஏதோ சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். என்னவென்று நான் கேட்கவில்லை.

குறை என்னவென்று முனீஸ்வரி கண்டுபிடிக்க நேரமாகவில்லை. மின்சாரம் போய் வந்ததும், பால் எத்தனை டிகிரி என்ற முதல் கணக்கு வருவதற்கு முன்பே குளிர்பார் அந்தக் கணக்கு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துவிடுகிறது. அந்த இடத்தை முதலில் வெறுமையாக்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. கழுவாத பாத்திரத்தில் பால் ஊற்றுவது போல. சர்வரில் கட்டிய உடம்பில் அந்தப் பாத்திரம் தற்செயலாகச் சுத்தமாக இருந்தது. சோதனையில் எதுவும் தெரியவில்லை. பழைய லேப்டாப்பில் கட்டியதில் ஏதோ பழைய மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. குளிர்பார் அதை நம்பி, இல்லாத இடத்தில் காலை வைத்து விழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் புதிய உடம்பு எழுமலைக்குப் போய்ச் சேர்ந்தது. கடிதம் மட்டும் மிச்சம். துளசிராமின் அறையில் நாங்கள் மூவரும் நின்றோம்.

"சுருக்கமா எழுதுங்க அழகுபாண்டி. குறையைக் கண்டுபிடிச்சாச்சு, சரி பண்ணியாச்சு, இனிமே வராது. போதும்."

"முனீஸ்வரியைப் பத்தி என்ன எழுத சார்?"

"ஒண்ணும் வேணாம். வேலையிலதான் இருக்கால்ல, அப்புறம் என்ன?"

"வேலை இங்க இருக்கு சார்," என்றாள் அவள். "பேரு எழுமலையில கெடக்கு. நான் இல்லைன்னு ஒரே ஒரு வரி வேணும்."

துளசிராம் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "அந்த ஒரு வரியை எழுதுனா, அப்ப ஏன் முதல்ல உன் பேரு வந்துச்சும்பாங்க. அதுக்குப் பதில் எழுதணும்னா நல்ல நேரத்தை எழுதணும். சோதிச்சது ஒண்ணு, அனுப்புனது ஒண்ணுன்னு எழுதணும். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் பஞ்சாங்கம் பார்த்துப் பட்டனை அமுக்குனான்னு ஊரே சிரிக்கும்மா. நம்மகிட்ட இருக்கிற ரெண்டு பால் கம்பெனியும் போயிரும்."

நான் மேஜை மேல் தாளை வைத்தேன். "சார், அன்னிக்குத் திரையில பேரைக் காட்டுனது நாமதான். அதைத் திரும்ப எடுக்கிற வரி இல்லாம என்னால இதை முடிக்க முடியலை. ரெண்டு தடவை எழுதிப் பார்த்துட்டேன். நடுவுல ஓட்டை தெரியுது."

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார்.

"யாரு சார் சிரிப்பாங்க?" என்றாள் முனீஸ்வரி. அவள் குரல் தணிந்திருந்தது. "எங்க ஊருல ஆடியில ஒருத்தரும் கன்னுக்குட்டி கூட வாங்க மாட்டாங்க. அந்தத் தொட்டி வந்து எறங்குன அன்னிக்கு அஷ்டமின்னு, மறுநா வரைக்கும் லாரியிலேயே வச்சிருந்தாரு மலையாண்டி மாமா. லாரிக்காரன் கத்திக்கிட்டே கெடந்தான். அவரு உங்களைப் பார்த்தா சிரிக்கப் போறாரு?"

கோகுல்நாத்துக்குத் தாங்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. துளசிராமின் உதடும் ஒரு பக்கம் இழுத்தது.

"எச்சரிக்கையை நான் அடைச்சு வச்சதையும் எழுதிக்கங்கண்ணே," என்றான் கோகுல்நாத் என்னிடம். "மாமா மட்டும் தனியா நிக்க வேணாம்."

"நீ ஏன்டா ஊடால வார," என்றார் துளசிராம். ஆனால் மறுக்கவில்லை. மேஜை ஓரத்தில் அந்த லேப்டாப் இருந்தது. மூடியில் ஒட்டியிருந்த சந்தனத்தை விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தார். வெளியே காற்று ஓய்ந்து, சுவரில் ஆடிய வெயில் நின்ற இடத்தில் நின்றது. அறை தண்ணீரிலிருந்து மேலே வந்ததைப் போல எல்லாம் கூர்மையாகத் தெரிந்தது.

"எழுதுங்க," என்றார். "நானே சொல்றேன்."

அவர் சொன்னதைக் கடித மொழியில் மாற்றி எழுதினேன். நடுப்பத்தி இது:

'எங்கள் அலுவலகத்தில் தங்கள் பொறுப்பாளருக்குக் காட்டப்பட்ட பெயர் தவறானது. செல்வி சி. முனீஸ்வரி எழுதிய பகுதிக்கும் பால் கெட்டதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. நல்ல நேரத்தை முன்னிட்டு, சோதிக்கப்பட்டதற்குப் பதிலாக, என் வீட்டுக் கணினியில் கட்டப்பட்ட மென்பொருள் தங்களுக்கு அனுப்பப்பட்டது. அதன் பெயர்ப்பொதியைச் சேமிக்காமல் வேறொன்றின் பெயர்ப்பொதியை வைத்துப் படித்ததாலும், பொருந்தவில்லை என்ற எச்சரிக்கையை நாங்கள் நிறுத்தி வைத்திருந்ததாலும் அவர் பெயர் வந்தது. குறை இருந்தது நான் எழுதிய பகுதியில். உண்மையான காரணத்தைக் கண்டறிந்ததும் செல்வி முனீஸ்வரியே. இக்கடிதத்தை எழுமலை நிலையத்தில் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

கடைசி இரண்டு வாக்கியங்களும் அவர் தானாகச் சேர்த்தவை.

"அப்ப இனிமே நல்ல நேரம் கெடையாதா மாமா?" என்று கேட்டான் கோகுல்நாத்.

"ஏன் கெடையாது? நல்ல நேரத்துல அமுக்குவோம். அமுக்குனதையே சோதிப்போம். அதோட பேர்மூட்டையையே பூட்டி வைப்போம். அம்புட்டுதான்." கையெழுத்துப் போட்டுவிட்டு, மை காய்வதற்காகத் தாளை ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்.

தாளை மூன்றாக மடித்து, மலையாண்டியின் குறிப்பை உள்ளே வைத்து, உறையில் போட்டேன். முனீஸ்வரி பசை பாட்டிலை எடுத்து மடிப்பில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் தடவி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். பசை பிடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. முகவரியை அவளும் ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்தாள்.

தபால் நிலையத்துக்கு நடந்தே போனோம். ஸ்பீட் போஸ்ட் ஜன்னலில் இருந்த அம்மாள் உறையை எடை போட்டு, எண்ணிட்ட சீட்டை ஒட்டி, ரசீதை நீட்டினார். பிறகு திரும்பிப் பார்க்காமலே, பின்னால் வாய் திறந்திருந்த சாக்குப் பைக்குள் அதைப் போட்டார்.